மேலத்தெரு சொந்தங்கள்: ஊரில் எத்தனை பேர்?

பெரியப்பா: கோயில் கொடை வரிக்குக் கணக்கு எடுத்தாயிற்று. மூன்று தெருவும் சேர்த்து வரி கொடுக்கும் குடும்பம் 94 தலைக்கட்டு. பாப்பா, 2011 சென்சஸில் நம் ஊருக்கு எத்தனை வீடு என்று பார்த்துச் சொல்லு.

நான்: பார்த்தேன் பெரியப்பா. நீங்கள் சொன்ன எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

பெரியப்பா: எப்படி? பக்கத்து ஊரையும் சேர்த்துவிட்டார்களா?

நான்: இல்லை. காலனியும் நம் ஊர்தானே. சென்சஸில் வருவாய்க் கிராமத்துக்குத்தான் கணக்கு. ஓடைக்கு இந்தப்பக்கம், அந்தப்பக்கம் எல்லாம் ஒன்று.

பெரியப்பா: அங்கே வரி வாங்குவதில்லை, அதனால் எழுதவில்லை. வேறொன்றும் இல்லை.

நான்: தெரியும் பெரியப்பா. ஆனால் சின்ன வயதிலிருந்து நானும் அந்த வரி நோட்டைத்தான் ஊர் என்று நினைத்திருந்தேன். நம் புஞ்சையில் பருத்தி எடுத்தவர்கள் யாருமே அதில் இல்லை. இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

திருப்பூர் அண்ணன்: சென்சஸில் எஸ்.சி. என்று போட்டிருப்பது காலனி ஆட்கள் மொத்தமுமா?

நான்: இல்லை அண்ணே. மாதா கோயில் தெருக்காரர்கள் அதில் வரமாட்டார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள், 1956இல் சீக்கியர்கள், 1990இல் பௌத்தர்கள், இவர்கள்தான் அந்தப் பட்டியலில். கிறிஸ்தவர்கள் இல்லை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒரு வீடு கணக்கில் உண்டு, அடுத்த வீடு இல்லை.

திருப்பூர் அண்ணன்: என்னை எண்ணியிருப்பார்களா?

நான்: ஆள் கணக்கு எடுத்த 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எங்கே இருந்தீர்கள்?

திருப்பூர் அண்ணன்: பொங்கலுக்கு வந்துவிட்டு உடனே பனியன் கம்பெனிக்குத் திரும்பிவிட்டேன்.

நான்: அப்போ திருப்பூர்க் கணக்குதான்.

அத்தை: எங்கள் வீட்டுக்கு சென்சஸ் எடுக்க வந்த சார் என்ன வேலை என்று கேட்டார். சும்மாதான் இருக்கேன் சார் என்றேன். மடியில் தீப்பெட்டிக் குச்சி அடுக்கும் சட்டம் இருந்தது தாயி.

நான்: ஐயோ அத்தை! வீட்டுத் தொழில் என்று அதற்குத் தனிப் பிரிவே உண்டு. வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மைத் தொழிலாளர் என்று எழுதுவார்கள். அடுத்த சென்சஸுக்கு 2027 பிப்ரவரியில் வரும்போது சும்மா இருக்கேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

அத்தை: சாதியும் கேட்பார்களாமே?

நான்: ஆமாம், எல்லாச் சாதியும். 1931க்கு அப்புறம் சென்சஸில் அந்தக் கணக்கு முழுசாக வரவே இல்லை.

பெரியப்பா: நடுத்தெருவில் ஒன்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. வரி மட்டும் ஜிபேயில் வந்துவிடும். அதை எப்படி எழுதுவார்கள்?

நான்: வீட்டுக் கணக்கில் காலி வீடு என்று வரும். ஆள் கணக்கில் வராது.

பெரியப்பா: செக்காரக்குடி பக்கம் மீனாட்சிபுரத்தில் தண்ணீர் இல்லாமல் எல்லோரும் போய், ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். அவரும் 2024இல் இறந்துவிட்டார். ராத்திரி நடுத்தெருவில் நடந்தால் அந்த நினைப்புதான் வருகிறது.

திருப்பூர் அண்ணன்: காலனியில் பூட்டின வீடு இருக்கிறதா?

பெரியப்பா: தெரியவில்லை. அந்தப்பக்கம் போயே வருஷக்கணக்காகிறது. பாப்பா, ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? நோட்டில் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. வரிக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

நான்: வருகிறேன். ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு நேரே போகவேண்டாம் பெரியப்பா. முதலில் அவர்களிடம் கேட்போம்.

அத்தை: எனக்குக் குச்சி கொண்டுவருகிற பிள்ளை மாதா கோயில் தெருதான். நாளைக்கு வருவாள், கேட்டுச் சொல்கிறேன்.