1963 கில்லப்ரூ அட்டை: போஸ்ட்டா, ஜெல்-ஓவா? மேலே பழைய டேப் வேறு

ஓஹையோவாசி:
வணக்கம். கொலம்பஸ் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். அங்கே ஒரு ஷூ டப்பா நிறைய பழைய பேஸ்பால் அட்டைகள் வாங்கினேன். டாப்ஸ் கம்பெனி அட்டை ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் தின்பண்டப் பெட்டியிலிருந்து வெட்டியவை. எனக்கு இந்த வகைதான் ரொம்பப் பிடிக்கும். நிலைமைதான் மோசம்.

மினசோட்டா ட்வின்ஸ் அணி ஆட்டக்காரர் ஹார்மன் கில்லப்ரூ அட்டையில் சிக்கியிருக்கிறேன். கீழே புள்ளிவிவரத்தில் 1962க்கு 48 ஹோம் ரன் போட்டிருக்கிறது, அதனால் 1963ல் வந்தது என்று தெரிகிறது. போஸ்ட் கம்பெனியின் காலை உணவு சீரியல் பெட்டியா, ஜெல்-ஓ என்கிற ஜெல்லிப் பொடி டப்பாவா என்பதுதான் தெரியவில்லை. போஸ்ட் அகலம் 3½ அங்குலம், ஜெல்-ஓ 3⅜ என்று படித்தேன். என்னுடையது 3¼தான் இருக்கிறது. வலது ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறது, சின்னப் பையன் கத்தரி பிடித்த மாதிரி.

இன்னொன்று, முகத்துக்குக் குறுக்கே பழுப்பேறிய செலோடேப் ஒட்டியிருக்கிறது. எடுத்துவிடலாமா? ஹேர் ட்ரையர் காட்டலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதே ஷூ டப்பாவில், கெல்லாக்ஸ் சீரியல் பெட்டிக்குள் போட்டு வந்த 3டி அட்டைகள் நாலைந்தும் சுருண்டு கிடக்கின்றன. புத்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்தலாமா?

பழைய_அட்டை:
தம்பி, முதலில் அந்த ஹேர் ட்ரையரைக் கீழே வையுங்கள்.

1962 போஸ்ட் அட்டை ஒன்றில், ரோஜர் மாரிஸ் என்கிற ஆட்டக்காரர் படம் போட்டது, நான் அதைச் செய்திருக்கிறேன். சூடு பட்டதும் டேப் இளகி வருவதுபோல் இருந்தது. அரை அங்குலம் வந்தது. அடுத்த அரை அங்குலத்தில் தொப்பியும் நெற்றியும் டேப்போடு உரிந்து வந்து, அடியில் சாம்பல் அட்டை தெரிந்தது. இன்னும் அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பெட்டி அட்டையில் படம் மேல்தோலில் மட்டும்தான் இருக்கிறது. அத்தனை வருஷம் பசை ஊறிய இடத்தில் அந்தத் தோல் டேப்பின் பக்கம்தான் போகும்.

தண்ணீரில் ஊறவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஆல்பத்தில் மாவுப் பசையால் ஒட்டிய 1920களின் ஸ்ட்ரிப் கார்டுகளுக்கு (நீளப் பட்டையாக அச்சடித்து வெட்டிய அட்டைகள்) அது சரி, காய்ச்சி வடித்த நீரில் தானே கழன்று வரும். செலோடேப் பசை தண்ணீரில் கரையாது. பெட்டி அட்டைதான் ஊறி அடுக்கடுக்காகப் பிரியும்.

டேப், பசை என்றாலே குப்பை என்று நினைக்காதீர்கள். இந்த அட்டைகளுக்கெல்லாம் எழுத்தும் எண்ணும் வைத்து வகை பிரித்த ஜெஃபர்சன் பர்டிக், தன் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தன் கையால் ஆல்பங்களில் பசை போட்டு ஒட்டினார். அவர் இறந்ததும் உங்கள் அட்டை வந்த அதே 1963ல்தான்.

சீரியல்_பெட்டி:
அளவை விடுங்கள். கையால் வெட்டிய அட்டையில் அளவு ஏமாற்றும். கோட்டுக்கு உள்ளே வெட்டினால் போஸ்ட்டும் ஜெல்-ஓ அளவுக்கு வந்துவிடும். அரைக்கால் அங்குல வித்தியாசம்தானே. கண்ணை அச்சில் வையுங்கள். 1962 வரிக்கும் மொத்த ஆட்டக் கணக்கு வரிக்கும் நடுவே சிவப்புக் கோடு ஒன்று ஓடும். போஸ்ட்டில் அது வலது விளிம்பை நெருங்கிப் போகும். ஜெல்-ஓவில் முன்னாலேயே நின்றுவிடும். இரண்டு பிராண்டும் அப்போது ஜெனரல் ஃபுட்ஸ் கையில் இருந்தன. அதனால்தான் ஒரே படம், ஒரே வடிவம்.

பொதுவாக ஜெல்-ஓதான் அரிது. சீரியல் பெட்டி முதுகில் பல அட்டைகள் இருக்கும், சின்ன ஜெல்-ஓ டப்பாவில் அவ்வளவு இடம் ஏது? அதிலும் விற்பனையாகாத சுவையின் டப்பாவில் மாட்டிய ஆட்டக்காரர் என்றால் தேடித் தேடி அலைய வேண்டும். பெரிய நட்சத்திரமாக இருக்க வேண்டும் என்றே இல்லை. பெயரே கேள்விப்படாத ஆள் கில்லப்ரூவைவிட அரிதாக இருப்பார். ஷூ டப்பாவில் மற்ற அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கெல்லாக்ஸ் சுருளை அழுத்தாதீர்கள். மேலே வரிவரியான பிளாஸ்டிக், கீழே காகிதம். இரண்டும் ஒரே மாதிரி சுருங்காததால்தான் வளைகிறது. கனம் ஏற்றினால் மேலிருந்து கீழாகப் பிளக்கும். வளைந்தபடியே வையுங்கள்.

ஓஹையோவாசி:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். டேபிள் விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கோட்டின் முனை தெரிகிறது! வெட்டுப்பட்ட விளிம்புக்கு முன்னாலேயே நின்று, அதற்கப்புறம் கொஞ்சம் வெறும் இடம் இருக்கிறது. அப்படியானால் ஜெல்-ஓதானே?

பின்பக்கத்தையும் இப்போதுதான் கவனித்தேன். சாம்பல் அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு, யாரோ ரன் கணக்கு எழுதி, பாதியில் விட்டிருக்கிறார்கள். டேப்பைத் தொடப் போவதில்லை. அட்டையைப் பரிசோதித்துத் தரத்துக்கு எண் போடும் பிஎஸ்ஏ கம்பெனிக்கு அனுப்பினால் எண் கிடைக்குமா?

சீரியல்_பெட்டி:
முனை தெரிகிறது, அதற்குப் பின் இடமும் மிச்சம் என்றால் ஜெல்-ஓ பக்கம்தான் சாய்கிறது. கோடு விளிம்பிலேயே வெட்டுப்பட்டிருந்தால் எதுவும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னிடம் போஸ்ட் கில்லப்ரூ இருக்கிறது. ராத்திரி ஸ்கேன் செய்து போடுகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்து, கோடு எந்த எண்ணுக்கு நேராக முடிகிறது என்று பாருங்கள்.

கையால் வெட்டியதில் சுற்றிலும் எல்லைக் கோடு தெரிந்தால்தான் எண் கொடுப்பார்கள். உங்களுடையதற்கு ‘ஆத்தென்டிக்’ (அசல்தான்) என்று மட்டும் வரும். விற்கிற எண்ணம் இல்லையென்றால் அந்தச் செலவு வேண்டாம்.

பழைய_அட்டை:
டேப் பசை கசிந்து உறையில் ஒட்டும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், பாலியஸ்டர் உறை வாங்குங்கள். தனியாக, படுக்கைவாக்கில் வையுங்கள், மேலே வேறு அட்டை அடுக்காதீர்கள். அந்தப் பென்சில் கணக்கையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, பார்க்க வேண்டும்.