கோதுமை, பால், முந்திரி இல்லாத குக்கீ மிக்ஸ்: சென்னை ஈரத்தைத் தாங்க வழி உண்டா?

வணக்கம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குக் கண்ணாடி பாட்டிலில் குக்கீ மிக்ஸ் அடுக்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதிர் வீட்டுப் பையனுக்கு முந்திரி, வேர்க்கடலை அலர்ஜி. நாத்தனார் மகளுக்குக் கோதுமையும் பாலும் ஆகாது. அதனால் எல்லோருக்கும் ஒரே கலவை: கேழ்வரகு மாவு 1 கப், அரிசி மாவு அரை கப், நாட்டுச் சர்க்கரை, கோகோ, பேக்கிங் பவுடர், உப்பு. முட்டைக்குப் பதில் 1 ஸ்பூன் ஆளி விதைப் பொடி தனிப் பொட்டலமாக. 3 ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெயோடு பிசைந்தால் போதும்.

சோதனைக்கு ஒரு பாட்டில் போட்டுவைத்தேன். பத்தாம் நாள் திறந்தால் நாட்டுச் சர்க்கரை செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. குத்திப் பார்த்ததில் ஸ்பூன்தான் வளைந்தது! பேக்கிங் பவுடரும் ஈரம் இழுத்திருக்கும் போல, குக்கீ தட்டையாகப் போய்விட்டது. சர்க்கரையை வாணலியில் லேசாகச் சூடு காட்டலாமா, வெள்ளைச் சர்க்கரைக்கே மாறிவிடட்டுமா?

அதைவிடப் பெரிய கவலை மாவு மில். எங்கள் தெருவில் கோதுமை அரைத்த அதே மெஷினில்தான் கேழ்வரகும் விழுகிறது. "முதல்ல வர்ற மாவைத் தள்ளிடலாம்மா" என்கிறார் மில்கார அண்ணன். அந்தப் பெண்ணுக்கு அது போதாது. மேற்கு மாம்பலம், அசோக் நகர் பக்கம் கோதுமையே அரைக்காத மில் இருக்கிறதா? மிக்ஸியில் அரைத்தவர்கள், நறநறவென்று இல்லாமல் வந்ததா என்றும் சொல்லுங்களேன்.

அப்புறம், கொட்டை வகைகள் கலந்திருக்கலாம் என்று டப்பாவில் போடாத கோகோ எங்கே கிடைக்கும்?