பிரிட்ஜைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி

கிளிநொச்சியிலிருந்து:

வாகனத்தில் கொழுவி இழுத்துப்போய், போன இடத்தில் தங்கும் சின்ன வீட்டைத்தான் காரவன் என்பார்கள். எங்களுடையதை அப்படிச் சொல்ல எனக்கே கூச்சம். பழைய உழவு இயந்திரப் பெட்டியின் அச்சில் இரும்புச் சட்டம் ஒட்டி, பிளைவூட் அடித்து, மேலே தகரம் போர்த்திய கூடு. நாலு பேர் நெருக்கிக்கொண்டு படுக்கலாம். மச்சானின் பிக்கப்பில் கொழுவி இழுப்போம். அதற்குள் இருக்கும் ஒரே ஆடம்பரம், லண்டனில் இருக்கும் அத்தான் தான் பாவித்ததைக் கழற்றிக் கப்பலில் அனுப்பிய பிரிட்ஜ். காஸ், 12 வோல்ட் பற்றரி, வீட்டுக் கரண்ட் மூன்றிலும் ஓடும்.

அதை வைக்கப் பலகையில் வெட்டிய இடம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. இரண்டு பக்கமும் மேலேயும் ஒரு விரல் நுழையும். தச்சு வேலை செய்தவர், "காத்துப் போனால் நல்லதுதானே, சூடேறாது" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன வருடம் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனோம். ஓகஸ்ட் 15க்கு இரண்டு நாள் முந்தியே மரத்தடியில் இடம் பிடித்தாயிற்று. முதல் இரவே காற்று சுழன்றடித்தது. பிரிட்ஜின் அடியில் எரியும் காஸ் சுவாலை பெரிதல்ல, சுண்டுவிரல் நகமளவு நீலம். அது அணைந்தால் பாதுகாப்பு வால்வு காஸை நிறுத்திவிடும். எழும்பி, பட்டனை அழுத்தி, டிக் டிக் என்று பற்றவைத்துவிட்டுப் படுப்பேன். கண் அயரும்போது மறுபடி அணையும். நாலாம் தரம் பொறுமை போய், பிரிட்ஜின் முதுகுக்குக் காற்றுப் போய்வர வெளிச்சுவரில் மேலும் கீழுமாக விட்டிருந்த இரண்டு கிறிலையும் பார்சல் ரேப்பால் ஒட்டிவிட்டேன். பிறகு சுவாலை ஆடவே இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

விடிய மனைவிக்குத் தலையிடி. மகள் சத்தி வருகுது என்றாள். பிரிட்ஜுக்குள் சொதி புளித்திருந்தது. தலையிடிக்கு வெயில், சொதிக்குப் பழைய பிரிட்ஜ் என்று இரண்டுக்கும் தனித்தனியே காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கூடாரத்து ஐயா ஒருவர், முன்பு லொறி திருத்தியவராம், பின்பக்கம் சுற்றிப் போய் ரேப்பைப் பார்த்தார்.

"தம்பி, எரிஞ்ச புகை எங்காலை போகும்?"

அந்த ஒரு கேள்வியோடு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வகைப் பிரிட்ஜில் கொம்பிரசர் இல்லை. தண்ணீரில் கரைந்த அமோனியாவைச் சூடாக்கிப் பிரித்து ஓடவிட்டுத்தான் குளிரை உண்டாக்குகிறது. அந்தச் சூடு முதுகுப்பக்கத்தால் வெளியேற வேண்டும். கீழ்க் கிறிலால் காற்று வரும், மேல் கிறிலால் சூடும் புகையும் புகைக்கூண்டில் ஏறுவதுபோல ஏறிப்போகும். நான் புகைக்கூண்டின் இரண்டு வாயையும் பொத்திவிட்டேன். மிச்சம் இருந்த வழி அந்த ஒரு விரல் இடைவெளிதான், அதன் மறுபக்கம் எங்கள் தலைமாடு. காற்றுப் போதாமல் எரியும் காஸிலிருந்து காபன் மொனொக்சைட் வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. அன்றிரவு யன்னல் பாதி திறந்திருந்தது. வேறென்ன சொல்ல.

சுவாலை அணைந்ததற்கும் அதே இடைவெளிதான் காரணம். கிறிலில் மோதிய காற்றுக்கு, உள்ளே புகுந்து யன்னலால் போக ஒரு நேர் பாதை கிடைத்திருந்தது. வழியில் சுவாலையையும் ஊதிவிட்டுப் போயிருக்கிறது. உட்பக்கம் அடைபட்டிருந்தால், கிறில்கள் திறந்திருந்தாலும் அவ்வளவு காற்று ஊடறுத்திருக்காது. அடைக்க வேண்டியதை விட்டு, விட வேண்டியதை அடைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த கிழமையே வேலையைத் தொடங்கினேன். இரவில் விளக்கை நிறுத்திவிட்டு, வெளியே நின்று கிறிலுக்குள் டோர்ச் பிடிக்க மகனை விட்டேன். உள்ளே இருந்து பார்த்தால் பிரிட்ஜைச் சுற்றித் திருவாசிபோல ஒரு வெளிச்சக் கோடு! காஸ் குழாய் வரும் ஓட்டையும் வயர் ஓட்டையும் தனித்தனி நட்சத்திரமாக மின்னின. எல்லாவற்றையும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அலுமினியத் தகட்டை 3 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி, மடித்து, விளிம்பெல்லாம் அடித்தேன். இடுக்குகளுக்குக் கராஜில் இஞ்சினுக்குப் பூசும், சூடு தாங்கும் சிவப்புச் சிலிக்கன். பிரிட்ஜின் தலைக்கு மேல் சூடு தேங்காமல் மேல் கிறிலுக்குத் திரும்பும்படி சாய்வாக ஒரு தகடு. நுரை ஸ்பிரே அடித்தால் பத்து நிமிட வேலை என்றார் கடைக்காரர். அது தீப்பற்றும், சுவாலைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

கடைசியில் கிறிலுக்கு நேரே மின்விசிறியை ஓடவிட்டு, உள்ளே நுளம்புத்திரி ஒன்றைக் கொளுத்தி விளிம்பு நெடுக மெதுவாகக் கொண்டுபோனேன். இடப்பக்கக் கீழ்மூலையில் மட்டும் புகை சட்டென்று என் பக்கம் வளைந்தது. தகட்டுக்குப் பின்னால் ஒரு பலகைச் சிம்பு விலகியிருந்தது. அதையும் பூசினேன். பிறகு நாயாற்றுப் பக்கம் கடற்கரையில் இரண்டு இரவு தங்கினோம். காற்றென்றால் அப்படியொரு காற்று. சுவாலை அணையவில்லை, ஒருவருக்கும் தலையிடிக்கவும் இல்லை. என்றாலும் காபன் மொனொக்சைட்டுக்குச் சத்தம் போடும் அலாரம் ஒன்றை அத்தானிடம் கேட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன்.

வவுனியாவிலிருந்து:

எங்கள் பெட்டியில் யன்னல் ஏசி. சுற்றியிருந்த வெளிக்கு இவர் பழைய மெத்தை ஸ்பொஞ்சை வெட்டிச் செருகினார். ஏசித் தண்ணீரை அது உறிஞ்சி உறிஞ்சி, ஒரு மாதத்தில் பிளைவூட் அப்பளம்போல ஊதிவிட்டது. நோண்டி எடுத்தால் உள்ளே எறும்புக் குடித்தனம். இப்போது தண்ணீர் குடிக்காத இறப்பர் பட்டி ஒட்டி, மேலே அலுமினியம் அடித்திருக்கிறோம். ஏசியை வெளிப்பக்கம் கொஞ்சம் சரித்து வைத்ததால் தண்ணீரும் உள்ளே வருவதில்லை. அதன் இரு பக்கத்திலும் உள்ள காற்றுக் கீற்றுகள் வெளியே நிற்க வேண்டும், அவற்றையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். அது இருக்கட்டும், அண்ணை, சிலிக்கனால் ஒட்டிய பிரிட்ஜை நாளைக்குத் திருத்த வேண்டி வந்தால் எப்படிக் கழற்றுவீர்கள்?

கிளிநொச்சியிலிருந்து:

கழற்றிப் பார்த்துவிட்டேன் தங்கச்சி. பங்குனியில் சுவாலைக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. பிளேட்டால் அறுத்து அறுத்து அரை நாள் போனது. இப்போது தகடு சுவரோடு மட்டும்தான். பிரிட்ஜ் முன்னால் வந்து ஒரு இறப்பர் விளிம்பில் இறுகி நிற்கும். நாலு திருகாணியைக் கழற்றினால் கையோடு வரும்.

முல்லைத்தீவிலிருந்து:

எங்கள் பெட்டியில் அடுப்பு மட்டும்தான். காஸ் குழாய் வரும் ஓட்டையை ஃபோமால் அடைத்தேன், எலி ஒரே இரவில் தின்று தள்ளியது. சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளைச் செருகிய பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கிறிலுக்கு நுளம்பு வலை அடித்தவர்கள் மாதம் ஒருமுறை தட்டித் துடையுங்கள். கிரவல் ரோட்டுப் புழுதியில் எனக்கு அது சுவர்போல ஆகிவிட்டது. வலை இல்லாவிட்டாலோ மண்குளவி வீடு கட்டும். சிலிண்டர் வைக்கும் இடத்துக்குக் கீழே தரையில் ஒரு ஓட்டை இருந்தது, அதால்தான் கூடப் புழுதி. அதையும் தகரம் வைத்து அடைத்துவிட்டேன்.

கிளிநொச்சியிலிருந்து:

தம்பி, அதை இன்றைக்கே திறவுங்கள்! சமையல் காஸ் காற்றைவிடப் பாரம். கசிந்தால் தரையில்தான் தேங்கும், வெளியேற இருப்பது அந்த ஓட்டை ஒன்றுதான். புழுதி வந்தால் வரட்டும், பெரிய கண் வலையாகப் பார்த்து அடியுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து:

திறந்தாச்சு அண்ணை. தகரத்துக்கு மேலே ஒரு அரணை படுத்திருந்தது.