ஜானி கேஷ் பஸ்ஸில் அம்மா கேட்ட கேள்வி

ஏரிக்கரை:
தியாகராஜ ஆராதனைக்காக ஏப்ரலில் கிளீவ்லாந்து வந்த அம்மா ஜூலை வரை எங்களோடு இருந்தார். நயாகரா முடிந்து, மிச்சம் இருந்தது ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம்தான். அங்கே நிறுத்தியிருந்த ஜேசி யூனிட் ஒன் தெரியும்தானே, 1980 முதல் 2003 வரை அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் கச்சேரிப் பயணத்துக்கு வைத்திருந்த பஸ். உள்ளே ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். கேஷ் இருந்த இடம், மனைவி ஜூன் கார்ட்டர் இருந்த இடம் என்று வழிகாட்டி காட்டிக்கொண்டே போனார். அம்மா மட்டும் ஸ்டியரிங் பக்கமே நின்றார். "டிரைவர் எங்கடா படுப்பார்? கேளு."

அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். நைட் ஹால்ட் என்றால் கடைசி சீட்டில் துண்டை விரித்துப் படுப்பார். பின்னால் வரிசை நின்றது, எனக்குக் கூச்சம். கேட்கவில்லை. "அப்புறம் சொல்றேம்மா" என்று நகர்த்திவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

மதுரைக்காரி:
அதெல்லாம் சாதா பஸ்ஸுங்க. டாலிவுட் தீம் பார்க்கில் பாடகி டாலி பார்ட்டன் பஸ்ஸைப் பாருங்கள், விக் வைக்கவே தனி அலமாரி! என் பெண் அதன் முன்னால் நின்று, "இவங்களுக்கும் முடி கொட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டாள். பின்னால் நின்ற பாட்டிக்கு என்ன புரிந்ததோ, அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சும்மா_ஒருவன்:
கேஷ் பஸ் சாதாவா? பாதி வாழ்க்கை ரோட்டில் போன மனுஷன், சுயசரிதையில் அந்த பஸ்ஸை வீடு என்றே எழுதியிருக்கிறார். விக் அலமாரியை வைத்தா எடை போடுவது? நான் பார்த்தது மெம்ஃபிஸில் பாடகர் எல்விஸின் 'லிசா மேரி'. விமானம்தான், இருந்தாலும் சொல்கிறேன். படுக்கைக்கு குறுக்கே சீட் பெல்ட். அதை மட்டும் மறக்க முடியவில்லை.

போகப்போகிறவர்களுக்கு: கிளீவ்லாந்து பஸ்ஸைப் பனிக்காலத்தில் உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள். கோடையில் போங்கள், அன்று திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதுகுப் பையைக் காரிலேயே விடுங்கள், இடித்துக்கொண்டே இருக்கும். முட்டி வலிக்காரர்கள் பஸ் படியை யோசித்து ஏறுங்கள். டாலியின் இன்னொரு பஸ்ஸில் ராத்திரி தங்கவும் விடுகிறார்கள். 2022-இல் ஆரம்பித்தபோது இரண்டு இரவுக்கு 10,000 டாலர். அந்தக் காசுக்கு ஊருக்கே போய் வரலாம், குடும்பத்தோடு.

மதுரைக்காரி:
முட்டியைப் பற்றி யார் கேட்டது?

லாங்_ரூட்:
ஏரிக்கரை, கேஷின் டிரைவர் எப்படி என்று தெரியாது. பொதுவாக இந்த மாதிரி பஸ்ஸில் கச்சேரி முடிந்ததும் ராத்திரி முழுக்க ஓட்டுவார்கள். பகலில் டிரைவருக்கு ஓட்டலில் ரூம் போட்டுக் கொடுப்பார்கள்.

ஏரிக்கரை:
நன்றி. நேற்று போனில் அம்மாவிடம் சொன்னேன். "ரூம் குடுத்தாங்களா, சரி சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பகல்ல எப்படிடா தூக்கம் வரும்?"