கம்பெனி பாலிசி முடிகிறது, 68 வயது அப்பாவுக்கு ஸ்டென்ட் உண்டு: இனி என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. கும்பகோணத்தில் இருக்கிறார்கள். அப்பா தனியார் மில்லில் வேலை பார்த்தவர், அதனால் அரசு பென்ஷனர்களுக்கான காப்பீடு கிடையாது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை, 2019-இல் இதய ரத்தக்குழாயில் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு வருஷமாக என் ஆபீஸ் குரூப் பாலிசியில் இருவரும் இருக்கிறார்கள், 3 லட்சத்துக்கு. அடுத்த மாதம் 20-ஆம் தேதி வேலையை விடுகிறேன். புது இடத்தில் பெற்றோரைச் சேர்க்க மாட்டார்களாம்.

தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்கள் என்ற இடம் வந்ததும் சர்க்கரைக்கு மட்டும் டிக் அடித்தார். "ஸ்டென்ட்டை எழுதினால் தரவே மாட்டாங்க. மூணு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். அப்பா டிஸ்சார்ஜ் சம்மரியை மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். அன்றைக்கு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. படிவம் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.

சேலத்துக்காரன்:
போடாதீர்கள் அக்கா. எங்கள் அம்மாவுக்கு இப்படித்தான் சர்க்கரையை எழுதாமல் பாலிசி எடுத்தோம். இரண்டாவது வருஷம் நெஞ்சு வலி என்று சேர்த்தோம். டியூட்டி டாக்டர் கேட்டதும் அம்மாவே "பத்து வருஷமா சுகர் மாத்திரை போடுறேன்" என்று சொல்லிவிட்டார். கேஸ் ஷீட்டில் முதல் வரியே அதுதான். கிளெய்மையும் மறுத்தார்கள், பாலிசியையும் ரத்து செய்தார்கள். நகையை அடகு வைத்துத்தான் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா இன்றைக்கும் தான் வாயைத் திறந்ததால்தான் என்று நினைக்கிறார். தப்பு படிவத்தில்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை.

பழைய டெஸ்க்:
நான் 22 வருஷம் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். சகோதரி, புதுப் பாலிசியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். உங்கள் கையில் இருக்கும் பெரிய பிடிமானம் அந்தக் குரூப் பாலிசிதான். குரூப்பை விட்டு வெளியே வருபவர்கள் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாம். பாலிசி எடுத்த பிறகு பழைய நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப மாதங்களைத்தான் காத்திருப்புக் காலம் என்பார்கள். மாறினால், குரூப்பில் இருந்த வருஷங்கள் அதில் கழியும். 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த விதிப்படி, பழைய நோய்களுக்கான காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, முன்பு 48 ஆக இருந்தது. நீங்கள் நான்கு வருஷம் முடித்துவிட்டீர்கள். ஆனால் அந்தச் சலுகை குரூப்பில் இருந்த 3 லட்சம் வரைக்கும்தான். தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்குக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும். அப்பாவின் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், பிரீமியமும் மாறும். அதனால் கடைசி வேலை நாள் வரை காத்திருக்காமல் இன்றே ஹெச்.ஆரிடம் பாலிசி நம்பரையும், பெற்றோர் எந்தத் தேதியிலிருந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று வருஷம் ஓட்டினால் போதும் என்பது தவறு. தொடர்ந்து 60 மாதம் கட்டிய பிறகுதான், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. அப்போதும் மோசடி என்று நிரூபித்தால் மறுக்கலாம். ஸ்டென்ட் வைத்த காகிதம் வீட்டிலேயே இருக்கும்போது எழுதாமல் விட்டதை வேறு என்னவென்று சொல்வது?

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. ஒருவேளை அவர்கள் மறுத்துவிட்டால்? 65 தாண்டினால் வெளியே கிடைக்காது என்கிறார்களே?

பழைய டெஸ்க்:
அந்த வயது வரம்பும் 2024-இல் போய்விட்டது. மூத்தவர்களுக்கென்றே தனிப் பாலிசிகள் இருக்கின்றன, ஸ்டென்ட் வைத்தவர்களைச் சேர்ப்பவையும் உண்டு. ஆனால் அவற்றில் இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள்.

முதலாவது கோ-பே, அதாவது பில்லில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு. 20 சதவீதம் என்றால், 3 லட்சம் பில்லில் 60,000 உங்கள் கையிலிருந்து போகும். இரண்டாவது அறை வாடகை வரம்பு. இதில்தான் நிறைய பேர் அடிபடுகிறார்கள். வரம்பு நாளுக்கு 5,000, நீங்கள் எடுத்த அறை 8,000 என்று வையுங்கள். அறைக்கு மட்டும் வித்தியாசம் கட்டினால் போதும் என்று நினைப்போம். ஆனால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 2 லட்சம் என்றால் கிடைப்பது 1,25,000. மருந்து, ஸ்டென்ட் போன்ற பொருட்கள், டெஸ்ட்டுகள், ஐ.சி.யூ. இவற்றில் இந்த வெட்டு கூடாது. பில்லில் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். வரம்பே இல்லாத பாலிசி கிடைத்தால், கொஞ்சம் கூடக் கட்டினாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு இல்லை. மூத்தவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமென்றால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்றும் 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது.

வைகை மேட்டுத்தெரு:
ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அப்பா அம்மாவின் ரேஷன் கார்டு தனியாக இருக்கிறதா? அவர்களுடைய ஆண்டு வருமானம் எவ்வளவு?

காவிரிக்கரை:
தனிதான். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரை நீக்கிவிட்டோம். பி.எஃப். பென்ஷனும் வீட்டின் பின்கட்டு வாடகையும் சேர்த்து மாதம் ஆறாயிரம் வரும்.

வைகை மேட்டுத்தெரு:
அப்படியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கே தகுதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. பிரீமியம் இல்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு இருவரும் நேரில் போக வேண்டும். பட்டியலில் இருக்கும் சிகிச்சைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மட்டும்தான் செல்லும். அதனால் கும்பகோணத்திலேயே எந்த ஆஸ்பத்திரியில் இதய சிகிச்சை உண்டு என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். என் மாமனாருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தேடி அலைந்திருக்கிறோம்.

சேலத்துக்காரன்:
எங்களுக்கு அப்போது தெரியாத இன்னொன்று. கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

காவிரிக்கரை (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹெச்.ஆர். நான்கு வருஷச் சான்றும் அனுப்பிவிட்டார்கள். மாறுவதற்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை டெஸ்ட்டும் கேட்டார்கள், நேற்று எடுத்தாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. தஞ்சாவூர் போய் முதலமைச்சர் காப்பீட்டுக்கும் பதிந்துவிட்டோம், அம்மாவுக்குக் கைரேகை மட்டும் நான்கு தடவை வைக்க வேண்டியிருந்தது. ஏஜென்டின் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதுப் படிவத்தை அப்பாவே நிரப்பினார். மஞ்சள் பையைப் பிரித்து, சம்மரியைப் பார்த்து, ஸ்டென்ட் வைத்த தேதி, எந்தக் குழாய், என்ன மாத்திரை என்று எல்லாவற்றையும் எழுதினார். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார்.