முன் நெத்தி மயிர் மேல மேல ஏறுது, மருந்துக்கு உண்மையா கேக்குமா?

உவர்மலைப் பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 27 வயசு, திருகோணமலை டவுன்ல தான் இருக்கிறன். நெத்தியில ரெண்டு பக்க மூலையும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிக்கொண்டு போகுது, உச்சியில ஒண்டும் இல்ல, பின்பக்கம் நல்ல அடர்த்தி. அப்பாவுக்கும் பெரிய மாமாவுக்கும் வழுக்கை தான். வழக்கமா வெட்டுற சலூன் அண்ணையே இப்ப "முன்னுக்கு கொஞ்சம் நீட்டா விடுவமா தம்பி" எண்டு கேக்கத் தொடங்கிட்டார், அதுக்குப் பிறகு தான் பயம் வந்தது. நெட்ல தேடினால் ஒருத்தர் தலையில பூசுற மினொக்சிடில் முன் நெத்திக்கு சரிவராது, பெட்டியிலயே போட்டிருக்கு எண்டுறார், இன்னொருத்தர் பினாஸ்டரைட் குளிசை குடிச்சு முழுக்க முளைச்சது எண்டு படம் போடுறார், வேறொருத்தர் அதக் குடிச்சால் கலியாணம் கட்ட ஏலாது எண்டுறார். வீட்டில இப்ப தான் சாதகம் கையில எடுத்திருக்கினம், அதால இந்தக் கடைசிக் கதை தான் கூடக் குழப்புது. காசு செலவழிக்கப் பிரச்சினை இல்ல, வீணாப் போகக்கூடாது. உச்சிக்கு இல்ல, முன்பக்கத்துக்குப் பாவிச்ச ஆக்கள் உள்ளதச் சொல்லுங்கோ.

நிலாவெளி காத்து

தம்பி முதல்ல தண்ணிய மாத்துங்கோ. எங்கட கரையோரக் கிணறு எல்லாம் உவர், அதில தலை முழுகினால் மயிர் நிக்குமா. அம்மம்மா காலத்தில கையாந்தகரையும் செவ்வரத்தம்பூவும் போட்டு எண்ணெய் காய்ச்சினவ, அவவுக்கு 80 வயசிலயும் கொண்டை இருந்தது. குளிசை எல்லாம் வெள்ளைக்காரன்ட வியாபாரம்.

கிளினிக் கொப்பி

நிலாவெளி அண்ணை, அம்மம்மாட கொண்டையோட ஆம்பிளையின்ட மூலை வழுக்கைய வச்சுப் பாக்கேலாது. உவர்த் தண்ணி மயிரச் சொரசொரப்பாக்கும், முறியப் பண்ணும், அது சரி. ஆனா தண்ணி முழுத் தலையிலயும் தானே படுது? ரெண்டு மூலைய மட்டும் பாத்து மயிர் போகுதெண்டால் காரணம் வேற. 1942 லயே ஹமில்டன் எண்ட ஆள் எழுதிட்டார், வயசுக்கு வர முதல் விதை எடுத்த ஆம்பிளையளுக்கு இந்த வழுக்கை விழுறதில்ல, ஆண் ஹோர்மோன் குடுத்தால் பரம்பரை இருக்கிறவைக்கு விழத் தொடங்குது எண்டு. பிறகு 1974 ல டொமினிக்கன் குடியரசில ஒரு பரம்பரைக் குறைபாட்டப் பற்றி எழுதினாங்கள், அந்த ஆக்களுக்கு டெஸ்டஸ்டிரோன் எண்ட ஆண் ஹோர்மோன டி.எச்.டி எண்ட இன்னும் பலமான ஹோர்மோனா மாத்துற நொதியம் குறைவு, அவைக்கும் இந்த வழுக்கை இல்ல, புரஸ்டேட்டும் (ஆம்பிளையளுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) சின்னன். அந்த நொதியத்தத் தடுக்கிற குளிசை தான் பினாஸ்டரைட், அதுக்கு வழி இதில இருந்து தான் வந்தது. 1992 ல 5 மில்லிகிராம் குளிசை புரஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது, 1997 கடைசியில 1 மில்லிகிராம் மயிருக்கு. ரத்தத்தில டி.எச்.டி ஐ கிட்டத்தட்ட 70 வீதம் குறைக்கும்.

சரி தம்பி, உங்கட கேள்விக்கு வாறன். மருந்து வேலை செய்யுது எண்டு சொல்ற பெரிய ஆய்வு எல்லாம் உச்சியில எண்ணினது. பினாஸ்டரைட்டுக்கு 1998 ல வந்த பெரிய ஆய்வு 1553 ஆம்பிளையள், ரெண்டு வருசம், மருந்து எடுத்த ஆக்களில 83 வீதமானவைக்கு மயிர் எண்ணிக்கை குறையேல்ல, மருந்தில்லாத வெறுங்குளிசை எடுத்தவையில 28 வீதம் தான் அப்பிடி. அந்த எண்ணிக்கை எடுத்த வட்டம் உச்சியில. அடுத்த வருசம் முன்பக்கத்துக்கெண்டே ஒரு ஆய்வு வந்தது, 326 பேர், அதிலயும் மருந்து எடுத்தவைக்குக் கூடினது, ஆனா உச்சி அளவுக்கு இல்ல. இதில கனபேர் தவற விடுற இடம் ஒண்டு இருக்கு. அந்த முன்பக்க ஆய்வில எண்ணினது நெத்திக்கு மேல நடுப்பகுதிய, மயிர் தொடங்குற கோட்டையும் ரெண்டு மூலையையும் அவங்கள் எண்ணவே இல்ல. அதால தான் மருந்தின்ட விவரத்தாளிலயே மூலை ஏறுறதுக்குப் பலன் நிரூபிக்கப்படேல்ல எண்டு வருது. பலன் இல்ல எண்டு நிரூபிச்சதா இதுக்கு அர்த்தம் இல்ல, ரெண்டும் வேற.

என்ட அபிப்பிராயம், முன்பக்கத்துக்கு இந்த மருந்து இருக்கிறதக் காப்பாத்துறதுக்கு நல்லம், போனத மீட்கிறதுக்கு பலவீனம். மூலையில வழுவழு எண்டு தோல் மினுங்குதெண்டால் அதில எதிர்பாக்காதீங்கோ. பூனைமயிர் மாதிரி மெல்லிசா ஏதும் நிண்டால் அதுக்கு ஒரு சந்தர்ப்பம் இருக்கு.

உவர்மலைப் பெடியன்

அண்ணை நல்லா விளங்கிச்சு, நன்றி. பூனைமயிர் இருக்கு, வெயிலில பாத்தால் தெரியும். அப்ப மினொக்சிடில விட்டிட்டு பினாஸ்டரைட் மட்டுமா? அதோட எனக்கு வந்திருக்கிறது வழுக்கையா இல்ல வயசோட நெத்தி கொஞ்சம் ஏறுறதா எண்டு எப்பிடித் தெரியும்?

மட்டிக்களி மச்சான்

கிளினிக் கொப்பி சொன்னதோட ஒத்துப்போறன், ஆனா மினொக்சிடில விடத் தேவையில்ல. பெட்டியில முன் நெத்திக்கு இல்ல எண்டு போட்டிருக்கிறது ஏனெண்டால் கொம்பனி 80 களில அனுமதி எடுக்கக் காட்டின ஆய்வு உச்சியில செய்தது, எத ஆய்வு செய்தியோ அதத் தான் பெட்டியில போட விடுவாங்கள். மருந்துக்கு உச்சி எது நெத்தி எது எண்டு தெரியாது. இது முதல்ல பிரஷர் குளிசையா 1979 ல வந்தது, குடிச்ச ஆக்களுக்கு கையிலயும் முகத்திலயும் மயிர் முளைச்சதப் பாத்து தான் தலைக்குப் போட்டுப் பாத்தாங்கள், நெத்தியில கன்னத்தில எல்லாம் முளைக்கிற சாமான் மூலையில மட்டும் வேலை செய்யாது எண்டால் நம்பக் கஷ்டமா இருக்கெல்லோ. 2015 அளவில 5 வீத மினொக்சிடில் நுரைய முன் மூலைப் பக்கத்துக்கும் உச்சிக்கும் போட்டுப் பாத்த ஆய்வுகள் வந்தது, முன்னுக்கும் கூடினது தான். ஆனா கூடினது எண்டால் எவ்வளவு எண்டு கேளுங்கோ. கண்ணாடியில நீங்க பாப்பீங்க, பக்கத்து வீட்டுக்காரர் பாக்க மாட்டார்.

நான் ரெண்டும் பாவிக்கிறன், வருசக் கணக்கா. நெத்திக்கு மேல நடு மயிர் தடிச்சிட்டுது, முன்னம் லைட்டுக்குக் கீழ நிண்டால் தோல் தெரியும் இப்ப தெரியாது. மூலை வந்த இடத்தில அப்பிடியே நிக்குது, கீழ இறங்கேல்ல, மேலயும் ஏறேல்ல. என்ட அண்ணர் ஒண்டும் பாவிக்காதவர், என்னவிட ரெண்டு வயசு தான் கூட, அவருக்கு இப்ப முன்பக்கம் முழுக்கப் போயிட்டுது. அந்த வித்தியாசத்துக்குத் தான் நான் காசு குடுக்கிறன்.

ஒண்டு முன்னமே சொல்லிப்போடுறன், மினொக்சிடில் தொடங்கின முதல் ரெண்டு மாசத்துக்குள்ள கொட்டுறது கூடும். பழைய மயிரத் தள்ளிப்போட்டு புதுசு வாற கட்டம் அது. கனபேர் அந்தக் கிழமையே போத்தல எறிஞ்சுபோட்டு மருந்தால தான் போனது எண்டு எல்லா இடமும் சொல்லித் திரியினம். குறைஞ்சது 6 மாசம், பினாஸ்டரைட்டுக்கு ஒரு வருசம் குடுங்கோ, மயிர் மாசத்துக்கு 1 சென்றிமீற்றர் அளவில தானே வளருது. தினமும் கண்ணாடியப் பாத்தால் விசர் தான் வரும். ஒரே இடம் ஒரே வெளிச்சம் ஈரமில்லாத மயிர், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா படம் எடுத்து வையுங்கோ, காணும்.

நிப்பாட்டினால்? மினொக்சிடில் நிப்பாட்டி மூண்டு நாலு மாசத்தில கூடினது எல்லாம் போகும், பினாஸ்டரைட் ஒரு வருசத்துக்குள்ள. வாடகை வீடு மாதிரி தான், காசு கட்டுற வரைக்கும் இருக்கலாம். அதுக்கு மனம் இல்லாட்டித் தொடங்காதீங்கோ.

அந்த வயசோட ஏறுற கதை, நெத்தியச் சுருக்கினால் வருமே ஒரு மேல் கோடு, அதில இருந்து ஒரு விரல் அளவு தான் ஏறி நிக்குது, மயிர் எல்லாம் ஒரே தடிப்பெண்டால் கனபேருக்கு அது சாதாரணம், 20 களில கூடுதலான ஆம்பிளையளுக்கு நடக்கும். கரையில மெல்லிசும் தடிப்பும் கலந்து நிக்குதெண்டால் அது வழுக்கைப் பக்கம். நீங்க பூனைமயிர் எண்டு சொல்றதப் பாத்தால் ரெண்டாவது போல தான் கிடக்கு.

பாமசிக்காரன்

கவுண்டருக்குப் பின்னால நிக்கிறவன் எண்ட முறையில கொஞ்சம். டொக்டர்ட துண்டு இல்லாமல் பினாஸ்டரைட் கேட்டு வாறவையத் திருப்பி அனுப்புறன், கோவிக்கினம், கோவிக்கட்டும்.

தம்பி பயப்படுற விசயம். ஆய்வுகளில முதல் வருசம் ஆசை குறையிறது, விறைப்புக் குறையிறது, விந்து குறையிறது எல்லாம் சேத்து மருந்து எடுத்தவையில 3.8 வீதம், வெறுங்குளிசை எடுத்தவையில 2.1 வீதம். அதாவது கூடுதலான ஆக்களுக்கு ஒண்டும் வாறதில்ல, வந்தவையில கூடுதலானவைக்கு நிப்பாட்டச் சரிவரும், ஆனா நிப்பாட்டியும் போகேல்ல எண்டு சொல்ற ஆக்களும் இருக்கினம், அதப் பொய் எண்டு நான் சொல்ல மாட்டன். மனநிலைப் பக்கம் இதவிட முக்கியம். 2022 ல அமெரிக்காவில விவரத்தாளில தற்கொலை எண்ணம் பற்றியும் சேத்தாங்கள், 2025 ல ஐரோப்பிய மருந்து நிறுவனமும் அத ஒரு பக்க விளைவா உறுதிப்படுத்தினது. முன்னம் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்த ஆள் எண்டால் டொக்டரிட்ட மறைக்காமல் சொல்லோணும். தொடங்கின பிறகு மனம் ஒரு மாதிரிப் போச்செண்டால் உடன நிப்பாட்டிட்டு டொக்டரிட்ட காட்டுங்கோ, மயிர் பிறகு பாப்பம்.

5 மில்லிகிராம் குளிசைய நாலாப் பிளந்து குடிக்கிற ஆக்கள் இருக்கினம், விலை குறைவெண்டு. டொக்டர் சொன்னால் செய்யுங்கோ, ஆனா வீட்டில பிள்ளைத்தாச்சி இருந்தால் அந்தப் பிளந்த துண்டு, தூள் அவவின்ட கையில படக்கூடாது, வயித்தில ஆம்பிளைப் பிள்ளையெண்டால் பிறப்புறுப்பு வளர்ச்சியப் பாதிக்கும். குளிசை குடிக்கிற காலத்தில ரத்ததானம் செய்யக்கூடாது, நிப்பாட்டி ஒரு மாசமாவது பொறுக்கோணும். வயசானவை எடுத்தால் புரஸ்டேட்டுக்குச் செய்யிற பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனை பாதியாக் குறைச்சுக் காட்டும், டொக்டருக்குத் தெரியாட்டி ஏமாந்துபோவார். மினொக்சிடில் போடுற வீட்டில பூனை இருந்தால் கவனம், நக்கினால் செத்தும் போகும், தலையணைய நக்கினாலும் ஆபத்து தான்.

டியூட்டஸ்டரைட் கேட்டும் இப்ப வருகினம். அதுவும் பினாஸ்டரைட் மாதிரிக் குளிசை தான், ஆனா கூடப் பலம், 2014 ல 917 பேரில செய்த ஆய்வில பினாஸ்டரைட்ட விட நல்லாத் தான் வேலை செய்தது, கொரியாவிலயும் ஜப்பானிலயும் மயிருக்கு அனுமதியும் இருக்கு. ஆனா உடம்பில இருந்து போக மாசக் கணக்கு எடுக்கும், பக்க விளைவு வந்தால் கெதியில விடாது. 27 வயசில அதில தொடங்க அவசரம் என்ன?

நிலாவெளி காத்து

இவ்வளவு பயங்கரம் எண்டால் என்ட எண்ணெய் எவ்வளவோ மேல் 😄

மட்டிக்களி மச்சான்

எண்ணெய் போடுங்கோ அண்ணை ஆர் வேண்டாம் எண்டது, வாசமாவது இருக்கும். கொழும்பில ஒரு இடத்தில என்ட ரத்தத்த எடுத்து மெசினில சுத்தி நெத்தியில ஊசி போட்டு கைநிறையக் காசு வாங்கினாங்கள், உங்கட எண்ணெய் அதவிட மலிவு, எனக்குப் பலன் ரெண்டும் ஒண்டு தான்.

மூதூர் பிள்ளை

இதுல ஆம்பிளையள்ட கதையே போகுது, நானும் கேக்கன். எனக்கும் முன்னுக்குத் தான் கொட்டுது, ஸ்கூல் காலத்துல இருந்து இறுக்கி இழுத்துக் கட்டுற பழக்கம். போன மழைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில இருந்து வந்த பொறகு கை வச்சாக் கையோட வருது. இந்தக் குளிசைய எடுக்கலாமா?

கிளினிக் கொப்பி

தங்கச்சி, இல்ல. பிள்ளை பெறுற வயசில பினாஸ்டரைட் எடுக்கக்கூடாது, பாமசி அண்ணை சொன்ன காரணம் தான். உங்கட கதையில ரெண்டு விசயம் கலந்து கிடக்கு போல. டெங்கு மாதிரிக் காய்ச்சலுக்குப் பிறகு ரெண்டு மூண்டு மாசத்தில முழுத் தலையிலயும் மயிர் கொட்டலாம், அது பெரும்பாலும் தானா நிண்டு பிறகு முளைக்கும், பயப்பட ஒண்டும் இல்ல. இழுத்துக் கட்டுறதால நெத்திக் கரை போறது வேற, கட்டுறத இண்டைக்கே தளத்தினால் திரும்ப வர வாய்ப்பிருக்கு, வருசக் கணக்கா விட்டால் வேரில தழும்பாகி வராமலே போகும். இரும்புச் சத்தும் தைரொயிட்டும் பாக்கச் சொல்லுங்கோ. நெத்திக் கரையோட புருவமும் சேந்து குறையுதெண்டால் மட்டும் சுணங்காமல் தோல் டொக்டரிட்ட காட்டுங்கோ, அது தழும்பு விழுத்துற வேற வருத்தமா இருக்கலாம்.

உவர்மலைப் பெடியன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்ப நான் தோல் கிளினிக்குக்குப் போறன், பினாஸ்டரைட் பற்றி நேரடியாக் கேக்கிறன். மூலை திரும்ப வரோணும் எண்டால் நட்டுத் தான் எடுக்கோணுமா?

மட்டிக்களி மச்சான்

ஓம், மூலைக்கு உண்மையான வழி அது தான். பின்பக்க மயிர எடுத்து முன்னுக்கு வச்சால் அது பின்பக்க மயிர் போலவே விழாமல் நிக்கும், 1959 லயே ஓரென்ட்ரைக் எண்ட டொக்டர் எழுதினது. ஆனா இப்ப செய்யாதீங்கோ. 27 ல கோட்டைக் கீழ இறக்கி நட்டுப்போட்டு மருந்தும் எடுக்காமல் விட்டால் நட்டது நிக்கும், அதுக்குப் பின்னால இருக்கிறது போகும், பிறகு நெத்தியில ஒரு கோடு மட்டும் தனிய நிக்கும். முதல்ல மருந்தால ஒரு வருசம் நிப்பாட்டுங்கோ, பிறகும் மூலை உறுத்தினால் அப்ப யோசியுங்கோ.

பாமசிக்காரன்

கிளினிக்குக்குப் போற அண்டைக்கு எண்ணெய், ஜெல் ஒண்டும் பூசாதீங்கோ தம்பி, டொக்டர் மயிரின்ட தடிப்பப் பாக்கோணும். பழைய படம் போன்ல இருந்தால் அதையும் காட்டுங்கோ, ஏ.எல் காலத்துப் படமெண்டால் இன்னும் நல்லம்.