ஐயாவின் சவரக்கத்திகளைத் துரு நீக்கிப் பயன்படுத்தலாமா?

கேள்வி (தேவகோட்டை):
பர்மாவுக்குக் கொண்டுவிற்க (வணிகம் செய்ய) போன எங்கள் ஐயாவின் மடக்குச் சவரக்கத்திகள் இரண்டு, பெட்டகத்தை ஒழுங்குபடுத்தும்போது கிடைத்தன. ஒன்றில் ஷெஃபீல்டு (இங்கிலாந்து ஊர்) என்றும் மற்றதில் ஸோலிங்கன் (ஜெர்மனி ஊர்) என்றும் பொறித்திருக்கிறது. முன்னதில் செந்துரு மேலோட்டமாகப் படிந்துள்ளது. பின்னதில், ஆமையோட்டு நிறப் பிடிக்குள் மடங்கியிருக்கும் பகுதி மட்டும் கறுத்து அரித்திருக்கிறது. பித்தளைச் சாமானைப் போலப் புளி போட்டுத் துலக்கலாம் என்கிறார் ஆயா. அது சரிதானா? முன்னதைக் கொண்டு சவரம் செய்யவும் விரும்புகிறேன்.

பதில் (காரைக்குடி):
ஆயா சொல்வது பித்தளைக்குப் பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது. களிம்பை நீக்கும் அதே புளிப்பு, கார்பன் எஃகை அரித்துச் சாம்பல் பூக்கச் செய்துவிடும். முதலில் கூரான வாய்ப்புறத்தைத் தடித்த டேப்பால் மூடிவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிடுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகிவிடும். பிறகு கத்தியை மேசைமேல் படுக்கவைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டும் பிராசோ (உலோக மெருகுத் திரவம்) தோய்த்த துணியால் துடையுங்கள். எதிர்த்திசையில் துடைத்தால் டேப்பை மீறியும் விரல் அறுபடும். அதற்கும் போகாத துருவுக்கு 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் போதும். பொன்னெழுத்து இருந்தால் அந்த இடத்தைத் தொடவே வேண்டாம், அது தேய்த்தவுடன் போய்விடும். பட்டறையில் மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றக் கொடுத்துவிடாதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறி, நீலம் பாய்ந்துவிட்டால் எஃகு பதமிழந்துவிடும். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

பதில் (கானாடுகாத்தான்):
இரண்டாவது கத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்தப் பிடியை விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாடை வந்தால் அது பெரும்பாலும் செல்லுலாய்டு என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்தான். நாள்பட்ட செல்லுலாய்டு சிதையும்போது வெளியேறும் அமில ஆவிதான், பிடிக்குள் மறைந்த பகுதியை மட்டும் இப்படித் தின்றுவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல கத்தியையும் அது கெடுக்குமாதலால், இன்றே இரண்டையும் பிரித்து வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது; அடுப்பங்கரைப் பக்கமோ முற்றத்து வெயிலிலோ வைக்கக் கூடாது.

பதில் (ஆத்தங்குடி):
சவரம் செய்வதற்குமுன், பூதக்கண்ணாடியால் வாய்ப்புறத்தை முழுவதும் பாருங்கள். துருக்குழி விளிம்பைத் தொட்டிருந்தாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, அது பார்வைக்கு வைக்க வேண்டிய கத்தியே தவிர முகத்துக்கானதன்று. குறையில்லையென்றால், முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியுமாறு வைத்து 1000, பிறகு 4000, பிறகு 8000 எண் கற்களில் தீட்டி, தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுக்க வேண்டும். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அந்தக் கோணமே போய்விடும். முன்பு யார் யாருக்குப் பயன்பட்டதோ தெரியாதாகையால், சோப்பால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, அதன்பின் ஒருவர் மட்டுமே பயன்படுத்துங்கள். கொதிநீரில் போட வேண்டாம். பிடி வளைந்துவிடும், ஆணியடியில் நீர் தங்கித் துருவும் ஏறும்.